ஆறு தீர்ந்த பிறகு: ரிவால்வரை மீண்டும் நிரப்புவது பற்றி ஓர் எளிய அறிமுகம்

எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகமாக இருந்த சிவப்புக் கட்டடம் 2021ஆம் ஆண்டிலிருந்து காவல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அக்கா மகனை அங்கே அழைத்துப் போயிருந்தேன். பழைய ஆயுதங்களைப் பார்த்தபடி நின்றவன், “மாமா, ரிவால்வரில் ஆறு குண்டுதானே போகும்? ஏழாவது வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்?” என்று கேட்டான். சினிமாவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே ஆறு குண்டு ரிவால்வர் இருபது முறை வெடிக்கும். எனக்கு உடனே சொல்லப் பதில் இல்லை.

பதிலுக்காக ஏட்டையாவிடம் போனேன். பெரம்பூரில் எங்கள் தெருவில் அவரை எல்லோரும் அப்படித்தான் அழைப்போம். ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாகச் சேர்ந்த காவலர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர். அவர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து, துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் பேச்சில் ‘குண்டு’ என்று மொத்தமாகச் சொல்வதற்கு உண்மையில் நான்கு பகுதிகள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடிப்பகுதியில் தட்டினால் பொறி கக்கும் சிறு குமிழ், உள்ளே வெடிமருந்து, முனையில் ஈயக் குண்டு. நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. போலீசார் அதை ரவுண்டு என்பார்கள். சுடும்போது குண்டு மட்டுமே குழல் வழியாகப் பறக்கிறது. கூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. அதுவும் சும்மா தங்குவதில்லை. வெடிப்பின் அழுத்தத்தில் சற்றே விரிந்து துளையின் சுவரைக் கவ்விக்கொள்கிறது.

ரிவால்வரை மீண்டும் நிரப்புவதில் உள்ள எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுடும்போதும் காலிக் கூடு தானாக வெளியே தெறித்துவிடும். அடுத்த தோட்டாவைக் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசின் என்ற தோட்டாப் பெட்டியின் சுருள்வில் மேலே தள்ளும். தீர்ந்துவிட்டால் காலி மேகசினை உருவிவிட்டு நிரம்பிய ஒன்றைச் செருகினால் போதும். ரிவால்வரில் அப்படிக் கழற்றி மாட்ட எதுவுமில்லை. ஆறு துளை உள்ள உருளை துப்பாக்கியோடு பிணைந்தது. அதில் கவ்விக்கொண்டு நிற்கும் ஆறு கூடுகளை முதலில் வெளியேற்ற வேண்டும், பிறகு ஆறு துளைகளிலும் ஆறு தோட்டாக்களைத் தனித்தனியே வைக்க வேண்டும். மளிகைக் கடையில் நிரப்பி ஒட்டிய பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பதற்கும் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்த இடைஞ்சல் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் தன் ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்றபோது இன்றைய பித்தளைத் தோட்டாவே இல்லை. மருந்தையும் குண்டையும் தனித்தனியே திணித்தார்கள். அவசரத்துக்கு, முன்பே நிரப்பிய இன்னோர் உருளையைப் பையில் வைத்திருந்து மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ‘உபரித் தோட்டா’ என்ற யோசனையின் முதல் வடிவம் அது. 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரில் பித்தளைத் தோட்டா வந்துவிட்டது. ஆனாலும் பக்கத்தில் உள்ள சிறு கதவைத் திறந்து, ஒரு கோலால் கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒவ்வொன்றாகத்தான் நிரப்ப வேண்டும்.

அதற்குப் பின் வந்த இரண்டு வகைகளைத்தான் இன்று அதிகம் பார்க்கலாம்.

ஒன்று, மடியும் வகை. மேலே உள்ள கொக்கியை விரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவில் ஒடிந்தாற்போல் குழல் கீழே சாயும். அப்போது உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி ஆறு கூடுகளையும் ஒரே நேரத்தில் வெளியே தூக்கிவிடும். ஆங்கிலேயர் கொண்டுவந்த வெப்ளி இந்த வகை. இந்திய ஆயுதத் தொழிற்சாலைகளின் .32 (தோராயமாக அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம்) ரிவால்வரும் வெப்ளியின் வழிவந்ததுதான். மற்றொன்று, உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும் வகை. அமெரிக்காவில் 1889இலேயே கடற்படைக்காக வந்துவிட்டது. நம் நாட்டில் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ‘பிரபல்’ ரிவால்வரை அறிமுகம் செய்தபோது, மடிக்காமலே தோட்டா போடலாம் என்பதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். இடையே நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நம் சாலைகளில் அம்பாசிடர் ஓடிய காலத்தோடு ஒப்பிட்டால் பெரிதாக வியக்க ஒன்றுமில்லை.

கைகள் செய்யும் வேலை

ஏட்டையா எனக்குச் செய்து காட்டியது ஒரு மர மாதிரியிலும் போலித் தோட்டாக்களிலும்தான். மருந்தும் பொறிக்குமிழும் இல்லாத போலித் தோட்டாக்கள் பயிற்சிக்கென்றே இருக்கின்றன. உயிருள்ள தோட்டாவை வைத்து வீட்டில் பழகுவது தற்காப்பு அல்ல, பக்கத்து வீட்டுச் சுவருக்கு எதிரான குற்றம் என்பார் அவர். பெரம்பூரின் ஒட்டிய வீடுகளில் சுவரின் கனம் அவருக்குத் தெரியும்.

பக்கவாட்டில் திறக்கும் வகையில் வேலை இரண்டு பாதியாகப் பிரிகிறது. முதல் பாதியில் குழல் வானத்தைப் பார்க்க வேண்டும், இரண்டாம் பாதியில் தரையைப் பார்க்க வேண்டும். உருளையைத் திறந்ததும் குழலை நேர் மேலே தூக்கி, உருளையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தள்ளுகோலை உள்ளங்கையால் ஒரே தட்டு, முழு நீளத்துக்கும் தட்டிவிட வேண்டும். கூடுகள் தம் எடையிலேயே கீழே விழும். பலர் இதில்தான் தவறுகிறார்கள். துப்பாக்கியைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு அரை மனதோடு தள்ளினால் ஏதாவது ஒரு கூடு பாதி வெளியே வந்து, நட்சத்திரத் தகடு திரும்ப இறங்கும்போது அதன் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு உருளை மூடவும் மூடாது, கூடு வெளியே வரவும் வராது. அமைதியாக உட்கார்ந்து நகத்தால் நெம்பினால்தான் உண்டு. தற்காப்பு என்று சொல்லப்படும் எந்தத் தருணத்திலும் அப்படி உட்கார நேரம் இருக்காது.

கூடுகள் விழுந்ததும் குழலைத் தரைப்பக்கம் திருப்பினால் துளைகள் மேல்நோக்கி நிற்கும். இப்போது தோட்டாக்களைப் போட்டால் அவையும் தம் எடையிலேயே இறங்கி அமர்ந்துகொள்ளும். இரண்டு பாதியிலும் வேலையைச் செய்வது புவியீர்ப்புதான், கை அதற்கு வழிவிடுகிறது. இந்த முழு நேரமும் விரல் விசையின் பக்கமே போகக்கூடாது.

கடைசியில் மூடுவது. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உருளையை ‘டக்’கென்று மூடும் திரைநாயகர்களை நாம் ரசித்திருக்கிறோம். நிஜத்தில் அப்படிச் செய்தால் உருளையைத் துப்பாக்கியோடு இணைத்துத் தாங்கும் உலோகக் கை நாளடைவில் வளைந்துவிடும். பிறகு துளையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது. இன்னொரு கையால் மெல்லத் தள்ளித்தான் மூட வேண்டும்.

மடியும் வகையில் தள்ளுகோலைத் தட்டும் வேலை மிச்சம். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. மூன்று சுட்டு மூன்று மிச்சமிருக்கும்போது திறந்தாலும் நட்சத்திரத் தகடு சுட்டது சுடாதது பார்க்காமல் ஆறையும் தூக்கும். நல்ல தோட்டாக்களும் காலிக் கூடுகளோடு தரையில் சிதறும். அதனால் இந்த வகையில் ‘இடையில் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளலாம்’ என்ற எண்ணமே வேண்டாம் என்பது ஏட்டையாவின் கட்சி. பக்கவாட்டு வகையில் அது ஓரளவு முடியும். அதற்கும் தன் ரிவால்வரின் உருளை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட் வலஞ்சுழி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இடஞ்சுழி. இரண்டு தோட்டா மட்டும் போட்டு அவசரமாக மூடுகிறவர் இது தெரியாவிட்டால் காலித் துளைகளைத்தான் முதலில் சொடுக்கிக்கொண்டிருப்பார்.

எதில் வைத்துக்கொள்வது

தோட்டாவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுவதன் விலை என்ன என்று உலகத்துக்குக் காட்டிய நிகழ்ச்சி 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவில் நியூஹால் பகுதியில் நடந்தது. இரண்டு குற்றவாளிகளைத் தடுத்து நிறுத்திய நெடுஞ்சாலை ரோந்துக் காவலர்கள் நான்கு பேர் ஐந்து நிமிடத்துக்குள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஆறும் தீர்ந்து, உதிரித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டு ரிவால்வரை நிரப்பிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அதன் பிறகு அந்தக் காவல் படை ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் போடும் ‘ஸ்பீடு லோடர்’ கருவியைத் தன் காவலர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது.

அந்தக் காவலர் பயிற்சிப் பழக்கத்தில் காலிக் கூடுகளைப் பொறுக்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் என்று ஒரு கதை பல ஆண்டுகள் சுற்றியது. கூடுகள் தரையில்தான் கிடந்தன என்பது பிறகு வெளிவந்தது. நான் இதைச் சொன்னதும் ஏட்டையா சிரித்தார். “கதை பொய்யாக இருக்கலாம். பழக்கம் பொய்யில்லை. சுட்ட கூட்டைக் கணக்குப் பார்த்துத் திருப்பி ஒப்படைத்தே பழகியவர்கள் நாங்கள். என் கை இன்றைக்கும் கூட்டைக் கீழே விடத் தயங்கும்” என்றார்.

ஸ்பீடு லோடர் என்பது ஆறு தோட்டாக்களை உருளையின் துளைகள் இருக்கும் அதே வட்டத்தில் பிடித்து வைத்திருக்கும் சிறு குமிழ். துளைகளுக்கு நேரே வைத்து, சில வகைகளில் திருகினால், சில வகைகளில் அழுத்தினால், ஆறும் ஒன்றாக இறங்கும். இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. முதல் உலகப்போரில் ஆங்கிலேய அதிகாரிகள் வெப்ளிக்காக இதேபோன்ற பிரிடோ என்ற கருவியை வைத்திருந்தார்கள். குறை ஒன்றே, பருமன். உருளை எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமன் இதற்கும் வேண்டும். சென்னை வெயிலில் மெல்லிய பருத்திச் சட்டை போடுகிறவரின் பையில் எலுமிச்சம்பழம்போல் துருத்தி நிற்கும். மேலும் ஒரு மாடலுக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது. துளைகளின் இடைவெளி மாறும். அமெரிக்க ரிவால்வர்களுக்கென்று செய்ததை நம் ஊர் .32க்குப் பொருந்தும் என்று நம்பி வாங்கக்கூடாது. போலித் தோட்டாவோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

‘ஸ்பீடு ஸ்ட்ரிப்’ என்பது ரப்பர் போன்ற பட்டையில் தோட்டாக்கள் வரிசையாகச் செருகி நிற்பது. மாத்திரை அட்டையைப்போல் தட்டை, பையில் இருப்பதே தெரியாது. இரண்டு துளைகளில் இரண்டு தோட்டாவை வைத்துப் பட்டையை உரித்து இழுக்க வேண்டும். லோடரைவிட மெதுவானது, உதிரித் தோட்டாவைவிட எவ்வளவோ மேல். சாதாரண மனிதர் தினமும் எடுத்துப்போவது எது என்று கேட்டால் நான் பட்டையைத்தான் சொல்வேன். வேகமான கருவி வீட்டு அலமாரியில் கிடப்பதைவிட மெதுவானது பையில் இருப்பது பயன்படும். பட்டையில் ஒரு துளையைக் காலியாக விட்டு ஐந்து மட்டும் செருகுகிறவர்கள் உண்டு. விரலால் பிடிக்க அந்த இடம் வேண்டும்.

மூன்றாவது, ‘மூன் கிளிப்’. விளிம்பில்லாத பிஸ்டல் தோட்டாக்களைச் சுடும் சில ரிவால்வர்களில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தோட்டாக்களைப் பிணைத்திருக்கும். தகட்டோடு போடலாம், தகட்டோடு எடுக்கலாம். ஜெர்ரி மிக்யூலெக் என்ற அமெரிக்கர் 1999இல் இந்த வகை ரிவால்வரால் ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட்டு 2.99 விநாடியில் முடித்தார். அதைப் பார்த்துவிட்டு ‘ரிவால்வரும் வேகம்தான்’ என்று சொல்வது, உசேன் போல்ட்டைப் பார்த்துவிட்டு பஸ்ஸை ஓடிப் பிடிக்கலாம் என்று நம்புவதற்குச் சமம்.

ரிவால்வரை நிரப்புவது எவ்வளவு கடினம் என்பது அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு 1986 ஏப்ரலில் மயாமியில் வலிக்க வலிக்கத் தெரிந்தது. அந்தச் சண்டையில் கையில் காயம்பட்ட ஓர் அதிகாரியால் தன் ரிவால்வரை மீண்டும் நிரப்பவே முடியவில்லை. இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அதற்குப் பின்னர் அந்த அமைப்பு ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியது. இரண்டு நல்ல கைகளும் நடுங்காத விரல்களும் இருக்கும் என்ற கணக்கில்தான் ரிவால்வரை நிரப்பும் முறை முழுவதும் அமைந்திருக்கிறது.

சென்னைக்கென்று சில

இங்கே ஒரு புதியவர் செய்யக்கூடிய பெரிய பிழை, வேறு .32 தோட்டாவை வாங்குவது. உரிமத்தில் ‘.32’ என்று இருக்கும். ரிவால்வருக்கும் .32 உண்டு, பிஸ்டலுக்கும் .32 உண்டு. இரண்டும் ஒன்றல்ல. ரிவால்வர் தோட்டா நீளமானது, அடியில் நன்றாகத் துருத்திய விளிம்பு இருக்கும். அந்த விளிம்புதான் துளைக்குள் விழுந்துவிடாமல் தாங்குகிறது, நட்சத்திரத் தகடு பிடித்துத் தூக்கவும் உதவுகிறது. பிஸ்டல் தோட்டா குட்டையானது, விளிம்பு பேருக்குத்தான். கடைக்காரரிடம் ‘முப்பத்திரண்டு’ என்று மட்டும் சொல்லாமல் எந்தத் துப்பாக்கிக்கு என்பதையும் சொல்லி, பெட்டியைப் படித்து வாங்க வேண்டும்.

அடுத்தது நம் காற்று. கடலோர ஈரமும் உப்பும் வியர்வையும் பித்தளைக்கு ஆகாது. அதிலும் தோல் பெல்ட்டின் வளையங்களில் தோட்டாவை மாதக்கணக்கில் செருகி வைத்தால், தோலைப் பதனிடும் பொருள் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பு பூக்கும். பூசை அறைக் குத்துவிளக்கில் பார்த்த அதே களிம்பு. தடித்த கூடு துளைக்குள் முழுதாக இறங்காது, உருளை சுழலாது. சில்லறை, சாவியோடு ஒரே பையில் போட்டு வைப்பதும் கூடாது. பைக்குள் சேரும் நூல் தூசு மட்டுமே போதும், அவசரத்தில் காலை வாரிவிடும்.

மூன்றாவது சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கண்ணில் தோட்டாவும் துப்பாக்கியைப்போலவே உரிமம் வேண்டிய பொருள். சென்னை மாநகரில் உரிமம் வழங்கும் அதிகாரி காவல் ஆணையர். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது அந்த உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். உபரித் தோட்டா என்பதும் அந்தக் கணக்குக்குள்தான் அடங்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும்.

பட்டையிலிருந்து கழன்று பையின் அடியில் கிடக்கும் ஒற்றைத் தோட்டா தனி வினை. விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும் திரையில் அது பளிச்சென்று தெரியும். வைத்திருப்பது தனக்குத் தெரிந்தே இருந்ததா என்பதுதான் குற்றத்தின் அடிப்படை என்று உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லியிருக்கிறது. மறந்துபோய்விட்டது என்ற உண்மையை நிரூபித்து வெளியே வருவதற்குள் விமானம் போய்விடும், சில ஆண்டுகளும் போய்விடலாம். வெளியூர்ப் பயணத்துக்குத் தனிப் பை வைத்துக்கொள்வதுதான் புத்தி.

தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக்கூடாது, ஆபத்தின் அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமை நீடிக்கும். நிரப்பும் பேச்சோடு இதை நான் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு சுட்டு நிறுத்தி, திறந்து, கொட்டி, நிரப்பி, மூடும் அந்தச் சில விநாடிகளில் எதிரே நிலைமை மாறியிருக்கலாம். வந்தவன் ஓடியிருக்கலாம், விழுந்திருக்கலாம். ஏழாவது தோட்டா முதல் ஆறின் தொடர்ச்சி அல்ல. அது புதிதாக எடுக்கும் முடிவு, அதற்கான கேள்வியும் தனியாகத்தான் வரும். ஆகவே நிரப்பும்போது பார்வை கைகளின் மேல் இருக்கக்கூடாது என்று ஏட்டையா அடித்துச் சொல்வார். விரல்கள் தடவியே வேலையை முடிக்க வேண்டும், கண் எதிரே இருக்க வேண்டும்.

அதற்குத்தான் பயிற்சி. மெத்தைமேல் நின்றுகொண்டு, போலித் தோட்டாக்களோடு, ஒரு நாளைக்குப் பத்து முறை. மெத்தை எதற்கு என்றால், கீழே விழுந்தவற்றைக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடும் வேலை மிச்சம். உண்மைத் தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. பையிலேயே சுற்றிய பழைய தோட்டாக்களைச் சுடுதளத்துக்குப் போகும் நாளில் முதலில் சுட்டுத் தீர்த்துவிட்டு, புதியவற்றைப் பட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சுட முடியாத அளவு களிம்பேறிப்போனவற்றைக் குப்பையிலோ கூவத்திலோ எறியாமல், உரிமத்தோடு கடைக்காரரிடமோ காவல் நிலையத்திலோ கொண்டுபோய் என்ன செய்வதென்று கேட்க வேண்டும்.

அக்கா மகனுக்குப் போனில் இத்தனையும் சொல்லி முடித்தேன். “அப்படியென்றால் ஏட்டையா எத்தனை உபரி வைத்திருந்தார் மாமா?” என்றான். அதையும் கேட்டிருந்தேன். பணியில் எத்தனை ரவுண்டு கொடுத்தார்களோ அத்தனையையும் அவர் கிட்டத்தட்ட எல்லா நாளும் அப்படியே எண்ணித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.